வாய் திறக்காத வாத்தியார்

பாரூக் அசோகரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விடைத்தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, இரண்டாம் தடவையாகப் படித்தார். போன வருஷம் இதே பையன், அசோகர் சாலையோரத்தில் மரம் நட்டது விறகுக்காக என்று எழுதியவன்.

"இது இவன் எழுதினதா சார்?" என்று கேட்டார்.

எதிரே நின்ற சரித்திர வாத்தியார் ராயப்பராஜ், "கையெழுத்து அவனுடையதுதான்" என்றார்.

"நான் கையெழுத்தைக் கேக்கலை."

ஆந்திரா தனியாகப் பிரிந்து போனதற்கு மறு வருஷம் அது. திண்டுக்கல்லில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கண்டிப்பானது என்று ஒரு பெயர் இருந்தது. அந்தக் கண்டிப்பிலும் ராயப்பராஜ்தான் ஒரு படி மேல். அப்படிப்பட்டவருடைய ஐந்தாவது பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், கால் பரீட்சை சரித்திரத்தில், பெஞ்சில் தூங்குகிறவன் முதற்கொண்டு எல்லோரும் தேறியிருந்தார்கள். அதுவும் சும்மா தேறவில்லை, அள்ளியிருந்தார்கள். கணக்கிலும் இங்கிலீஷிலும் அதே பையன்கள் வழக்கம்போல் விழுந்து கிடந்தார்கள்.

கேள்வித்தாள் வெளியே போயிருக்கிறது என்றார் தலைமையாசிரியர். அச்சாபீஸில் போயிருந்தால் கணக்கும் சேர்ந்து போயிருக்க வேண்டும். சரித்திரம் மட்டும் போயிருக்கிறதென்றால் சரித்திரம் எழுதப்பட்ட இடத்தில்தான் ஓட்டை.

"உங்க வீட்டுல ஒரு பையன் இருக்கான்ல?"

இருந்தான். ராயப்பராஜின் மச்சினன் செபஸ்தியான். மனைவி ஆனந்தமேரியின் கடைசித் தம்பி. அக்கா வீட்டில் தங்கி அதே ஐந்தாவது பாரத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

"அவன் வாங்கினது முப்பத்தெட்டு சார். வகுப்பிலேயே அவன்தான் கடைசி" என்றார் ராயப்பராஜ்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு, தன்மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு தான் மட்டும் குறைச்சு எழுதியிருக்கான். சின்னப் பய வேலையா இது?"

ராயப்பராஜுக்கு இதில் எங்கேயோ இடித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. அரைப் பரீட்சையிலும் இப்படி நடந்தால் சரித்திரத்தை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டு, அவருக்குக் கீழ்வகுப்புக் கைத்தொழில் பாடம் கொடுக்கப்போவதாகத் தலைமையாசிரியர் சொன்னதும், இடித்தது நின்றுபோயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரீட்சை நெருங்கியதும் மற்ற வாத்தியார்கள் செய்கிற காரியம் அவருக்குத் தெரியும். "இதைச் செத்த நல்லாப் பாத்துக்கங்கடா" என்று கண்ணைக் காட்டுவார்கள். ராயப்பராஜ் அதற்குத் திருட்டு என்றே பெயர் வைத்திருந்தார். வாத்தியார் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வரும், இது வராது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எவனாவது வருமா சார் என்று கேட்டால், புத்தகம் வரும் என்பார். ஆசிரியர் அறையில் அவர் காதுபடவே அவரை மலைக்கோட்டை என்பார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

செபஸ்தியானைக் கூப்பிட்டு, கேள்வியை வெளியே விட்டுவிட்டு வேண்டுமென்றே குறைத்து எழுதினாயா என்று விசாரித்தார். அவன் மிரண்டு போனான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மச்சான். நான் பக்கத்துல போனாலே அவனுக பேச்சை நிறுத்திருவானுக. நீ சார் வீட்டுப் பையன், போடாம்பானுக."

பையன்கள் எதையோ பேசுகிறார்கள், அதை இவன் வந்தால் நிறுத்துகிறார்கள். நல்லவன் மாதிரி நடிக்கிறவன் சொல்லக்கூடிய மிக நல்ல பொய் இதுதான் என்று ராயப்பராஜுக்குத் தோன்றியது. தலைமையாசிரியரின் வார்த்தை அவருக்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

அரைப் பரீட்சைக்கான கேள்விகளைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதினார். முதல் கேள்வி ஷெர்ஷாவின் சீர்திருத்தங்கள். எழுதி முடித்து டிரங்குப் பெட்டியில் வைத்து, கடைவீதியில் வாங்கிய மாங்காய்ப் பூட்டைப் போட்டு, சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் ஐந்தாவது பாரத்துக்குச் சந்தேகங்கள் முளைத்தன. பரீட்சை நெருங்கினால் அந்த வகுப்புக்கு அப்படி முளைப்பது உண்டு. முதலில் அப்பாஸ் எழுந்து, துக்ளக் ஏன் தலைநகரை மாற்றினான் என்று கேட்டான். ராயப்பராஜுக்குச் சந்தோஷம். பலகையில் டெல்லியையும் தேவகிரியையும் போட்டு, நடுவில் ஜனங்கள் நடந்த வழியைக் கோடு கிழித்து, செத்தவர்களுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டு, மணி அடிக்கிற வரையில் விளக்கினார்.

அடுத்த நாள் கண்ணுசாமி எழுந்தான். "சார், ஷெர்ஷா ரோடு போட்டாரே, அது..."

ராயப்பராஜின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

"அதுல என்னடா சந்தேகம்? புத்தகத்துல இல்லையா? உக்காரு. இனி எவனாவது இதைப் பத்தி வாயைத் திறந்தா முதுகுத்தோல் உரிஞ்சுபோகும்."

கண்ணுசாமி உட்கார்ந்தான். வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிதலில் ராயப்பராஜ் குற்றத்தைக் கண்டார். புத்தகத்தில் எத்தனை ராஜாக்கள் இருக்கிறார்கள்? இவன் எப்படிக் குறிபார்த்து ஷெர்ஷாவின் மேல் கைவைக்கிறான்?

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். கேள்வித்தாள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. எடுத்துப் படித்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்து, சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகினார். அங்கே எவனும் கைவைக்க மாட்டான்.

மறுநாள் விஜயநகர நிர்வாகத்தைப் பற்றி ஒருவன் கேட்டான். அது இரண்டாவது கேள்வி. ராயப்பராஜ் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றினார். அடுத்தவன் பாமினி ராஜ்யம் எப்படி உடைந்தது என்று கேட்டான். அது கேள்வித்தாளில் இல்லை. ஆகவே கோபம் இறங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஐந்து துண்டையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தான் எவ்வளவு நியாயஸ்தன் என்று அவருக்கே ஒரு நிறைவு வந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் ஆனந்தமேரி கையில் கேள்வித்தாளோடு நின்றாள். வெள்ளிக்கிழமைக்காகப் படத்தைத் துடைக்க இறக்கினாளாம், விழுந்ததாம்.

"படிச்சியா?" என்றார்.

"நான் அஞ்சாங்கிளாஸ்ல நின்னவ. இதப் படிச்சு நான் என்ன செய்ய?"

"செபஸ்தியான் பாத்தானா?"

ஆனந்தமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சேசுவுக்குப் பின்னாடி கொண்டுபோய் ஒளிச்சு வச்சிட்டு, என் தம்பியத் திருடன்ங்கிறீங்களா? சொல்லிருங்க. வாயத் திறந்து சொல்லிருங்க."

அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. செபஸ்தியானை மட்டும் பரீட்சை முடிகிற வரையில் எரியோட்டில் இருக்கிற சித்தப்பா வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்து போகச் சொன்னார். பையன் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவிடம் வாரேன் என்று சொல்லிவிட்டு, மச்சானைப் பார்க்காமல் போனான். அன்று முதல் ஆனந்தமேரி புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு வந்தது. குழம்பு வந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வரவில்லை.

போனது போகட்டும், ஓட்டை அடைபட்டது என்று ராயப்பராஜ் தேற்றிக்கொண்டார். அடைபட்டதற்கு அத்தாட்சியாகப் பழைய கேள்வித்தாளை அடுப்பில் போட்டு எரித்தார். புதுக் கேள்விகளைக் காகிதத்திலேயே எழுதவில்லை. கிணற்றடியில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே மனசுக்குள் தீர்மானித்தார். சிவாஜியின் அஷ்டப் பிரதானிகள், அக்பரின் மதக்கொள்கை, இப்படி. உலகத்தில் அது தெரிந்தது தனக்கும் ஆண்டவருக்கும்தான் என்று நினைத்தபோது பல நாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

ஐந்தாவது பாரம் அன்றும் சந்தேகங்களோடு காத்திருந்தது. ஷெர்ஷாவைப் பற்றி மறுபடி ஒருவன் பயந்துகொண்டே கேட்டான். ராயப்பராஜ் சிரித்தார். ஷெர்ஷா இப்போது சாம்பல். தாராளமாகக் கேள் அப்பு என்று, ரோடு, சத்திரம், நாணயம் எல்லாவற்றையும் விளக்கினார். பையன்கள் ஏனோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படாமல் கலவரப்பட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குப் பீரியட் முடிவதற்குள் அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. பாபர், ஹுமாயூன், குருநானக் என்று ஒருவன் மாற்றி ஒருவன் எழுந்தான். கடைசியில் பாரூக் எழுந்தான்.

"சார், சிவாஜிக்கு எட்டு மந்திரிங்க இருந்தாங்களாமே."

ராயப்பராஜ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காகிதமில்லை, மச்சினன் இல்லை, மனைவியோடு பேச்சில்லை. மண்டைக்குள் இருந்தது எப்படி வெளியே போயிற்று?

"யார்றா சொன்னது உனக்கு?" என்று கத்தினார்.

"புத்தகத்துல இருக்கு சார்."

பாரூக்கை அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அவன் வெயிலில் நின்றபடியே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். தன்னைத் திட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே ஒரு வழிதான் அவருக்குத் தோன்றியது. தூக்கத்தில் உளறுகிறோம். ஜன்னலுக்கு வெளியே எவனாவது நின்று கேட்டுக்கொண்டு போகிறான். பெருமையை விட்டுவிட்டு ஆனந்தமேரியிடம் போய், நான் தூக்கத்தில் பேசுகிறேனா என்று கேட்டார்.

அவள் அரிசியைப் புடைப்பதை நிறுத்தவில்லை. அத்தனை நாளைக்குப் பிறகு அவள் பேசின முதல் பேச்சு அது.

"பேசுறதா? படுத்தா எந்திரிக்கிற வரைக்கும் பேச்சுத்தான். சிவாஜிங்கிறீங்க, ஔரங்கசீப்புங்கிறீங்க. அம்புட்டும் தெருவுக்குக் கேக்குது."

சிவாஜியும் ஔரங்கசீப்பும் அவள் தம்பியின் பாடப்புத்தகத்தைத் தூசி தட்டும்போது பார்த்த பெயர்கள். அது ராயப்பராஜுக்குத் தெரியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். அங்கே அவருடைய சிநேகிதர் அக்பர் அலிக்குத் தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருந்தது. பரீட்சை வரையில் அங்கே படுத்துக்கொள்கிறேன் பாய் என்றார்.

அக்பர் அலி அவரை ஓரமாகக் கூட்டிப்போய், வீட்டில் ஏதும் சண்டையா என்று தணிந்த குரலில் கேட்டார். சண்டை இல்லை, கேள்வித்தாள் என்றார் ராயப்பராஜ். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, அக்பர் அலி சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் வாசம் இருக்கும் சார் என்று எச்சரித்தார்.

வாசம் என்பது மிகவும் மரியாதையான சொல். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல்களுக்கு நடுவே ராயப்பராஜ் படுத்துக்கொண்டார். தோலுக்குக் காது கிடையாது என்ற நிம்மதி மட்டும் இருந்தது. காலையில் எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை கூடவே பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் அவர் உட்கார்ந்த பக்கத்து நாற்காலிகள் காலியாயின. கோவிலில் பூசை காண நின்றபோது முன்வரிசைப் பெண்கள் முக்காட்டை மூக்குக்கு இறக்கினார்கள். ஐந்தாவது பாரம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுந்து நின்று சந்தேகம் கேட்டது. அக்பரின் மதக்கொள்கை வரைக்கும் கேட்டது. ராயப்பராஜ் அதற்குப் பிரம்பை மேஜையில் அடித்து ஒடித்தார்.

எடை குறைந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, கடைசியில் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன், எழுதியும் வைக்க மாட்டேன், பரீட்சையன்று மணி அடித்த பிறகு நானே பலகையில் எழுதுவேன் என்றார். ஸ்தனிஸ்லாஸ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உடனே சம்மதித்தார்.

பரீட்சையன்று பையன்களின் சட்டைப்பை, மடி, தொப்பி, எல்லாம் வாசலிலேயே சோதிக்கப்பட்டன. ஒருவன் மடியில் வறுத்த பட்டாணி இருந்தது, ஒருவனிடம் மந்திரித்த கயிறு இருந்தது. காகிதம் எவனிடமும் இல்லை. மணி அடித்தது. ராயப்பராஜ் மனசுக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகப் பலகையில் இறக்கினார். திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். எவனும் பேனாவைக் கடிக்கவில்லை, எவனும் கூரை உத்தரத்தைப் பார்க்கவில்லை. செபஸ்தியான் ஒருவன்தான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராயப்பராஜ் விடைத்தாள் திருத்தினார். மறுபடி எல்லோரும் அள்ளியிருந்தார்கள். பாரூக் எட்டு மந்திரிகளையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று எழுதியிருந்தான். செபஸ்தியானுக்கு முப்பத்தாறு.

கைத்தொழில் வகுப்பு வாத்தியாராக ஆகிவிட்டோம் என்ற முடிவோடு விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்வி உங்க மண்டையில இருந்து நேரா பலகைக்கு வந்துச்சு. நடுவுல ஒரு ஈ காக்கா இல்லை. அப்புறம் எப்படி சார் வெளியே போகும்? இவனுக படிச்சிருக்கானுக. நிசமாவே படிச்சிருக்கானுக. நான்தான் உங்க வீட்டுப் பையன்மேல பழியைப் போட்டுட்டேன்."

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியர் அவரை மேடையில் நிற்க வைத்து, ஒரு குறிப்புக் கொடுக்காமல், ஒரு சாடை காட்டாமல், வாயே திறக்காமல் ஒரு வகுப்பையே படிக்க வைத்த ஆசிரியர் என்று பேசினார். ஐந்தாவது பாரம்தான் எல்லோரையும்விட நீளமாகக் கைதட்டியது.

அன்று சாயங்காலமே எரியோட்டு பஸ் ஏறினார். செபஸ்தியான் சித்தப்பாவின் கொல்லையில் புகையிலை கட்டிக்கொண்டிருந்தான். இனிமேல் படிக்க வரவில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றான். ராயப்பராஜ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புகையிலைக் கட்டுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே, தப்பாக நினைத்துவிட்டேன் அப்பு என்றார்.

"நான் குறைச்சு எழுதலை மச்சான்" என்றான் அவன். "முப்பத்தாறுதான் வரும் எனக்கு. ஆனா அது நானே படிச்சு வாங்குனது."

அவர் அவனுடைய தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். பையன் செத்த நேரம் அப்படியே இருந்துவிட்டு, "மச்சான், ஏதோ வாடையடிக்குது" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கி, அவனுடைய பையை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். பல நாளைக்குப் பிறகு அன்று வீட்டில் வெஞ்சனம் இருக்கும். கால் தானாகவே எட்டிப் போட்டது. பேகம்பூர்ப் பக்கம் திரும்பும் முனையில் ஒரு பெண் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். இடியாப்பம் அவித்து விற்கிற ஜெய்தூன் பீவி. பாரூக்கின் தாயார். உங்களால்தான் எம்மவன் தேறினான் என்று, சூடாக ஒரு பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். அவர் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

"நான் ஒண்ணுமே செய்யலை அம்மா" என்றார் ராயப்பராஜ், செபஸ்தியானுக்கும் கேட்கும்படியாக. "அவனா படிச்சான்."

"படிச்சான் சார், ஆனா ரொம்பச் சங்கடப்பட்டுப் போனான். எதக் கேட்டா உங்களுக்குக் கோவம் வருதோ அதத்தானே பயலுக படிக்கிறானுக, இந்தத் தடவை நடுவுல கோவத்த மாத்திட்டீங்களாம். முழுப் பரீட்சைக்காவது ஒரே மாதிரி கோவப்படுங்க சார்."